படையில்லாத நாட்டில் ஒரு குளிர்கால விடுமுறை: கொஸ்டாரிக்காவுக்குப் புறப்பட முன்

ஜனவரியில் ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் உறவினரோடு தொலைபேசியில் பேசினால் முதலில் வருவது பனியைப் பற்றிய முறைப்பாடுதான். வாசலில் பனி அள்ளிக் கொட்டிய கதை, கார் ஸ்ராட் ஆகாத கதை, மாலை நான்கரைக்கே இருட்டிப்போகும் கதை. கடைசியில் பேச்சு, "ஒரு கிழமைக்கு எங்கேயாவது வெயிலுக்குப் போக வேணும்" என்று முடியும். அப்படிப் போகிறவர்களில் பலர் மெக்ஸிக்கோவின் கன்கூனுக்கோ டொமினிக்கன் குடியரசுக்கோ கியூபாவுக்கோ போகிறார்கள். சாப்பாடு, தங்குமிடம், கடற்கரை எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கிய விடுதிகள் அங்கே உண்டு. போய்ப் படுத்துவிட்டுத் திரும்பலாம்.

ஆனால் பெட்டி கட்டுவது என்பது எங்கள் தலைமுறைகளுக்கு நெடுங்காலம் வேறு அர்த்தம் கொண்டிருந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், 2008இலும் 2009இலும் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தவர்களும் கட்டியது விடுமுறைப் பெட்டி அல்ல. அதனால்தான் வெளிநாட்டில் இருபது வருடம் உழைத்தவர்கூட, தனக்காக ஒரு கிழமை செலவழிக்கும்போது ஏதோ தப்புச் செய்வதுபோல் கூச்சப்படுகிறார். ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு என்ற கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓய்வு ஆடம்பரம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு கிழமையை எங்கே செலவழித்தால் உடம்போடு மனதுக்கும் ஏதாவது கிடைக்கும் என்று யோசிப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. அதற்கு ஏற்ற இடங்களில் ஒன்று மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்டாரிக்கா.

யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டில்

வடக்கே நிக்கரகுவா, தெற்கே பனாமா, ஒரு பக்கம் பசுபிக் சமுத்திரம், மறுபக்கம் கரீபியன் கடல். 51,100 சதுர கிலோமீற்றர் பரப்பளவு கொண்ட கொஸ்டாரிக்கா இலங்கையைவிடச் சிறியது. மக்கள்தொகை ஏறத்தாழ 50 இலட்சம். மொழி ஸ்பானியம். தலைநகர் சன் ஹொசே பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட அதே அகலக்கோட்டில்தான் இருக்கிறது. சூரியன் ஏறும் விதமும் பகலின் நீளமும் எங்களுக்குப் பழகியவை. மாமரமும் வாழையும் தென்னையும் மரவள்ளியும் அங்கேயும் உண்டு. நாங்கள் முற்றத்தில் வளர்க்கும் பப்பாசியின் பூர்வீகமே மத்திய அமெரிக்காவும் தென் மெக்ஸிக்கோவும்தான். பழைய அகராதிகள் ஈழத்தலரி என்று அழைக்கும், கோயில் வாசல்களில் நிற்கும் அந்த மரமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததே.

நேரம் மட்டும் நேர்மாறு. இலங்கைக்கும் அங்குமான வித்தியாசம் பதினொன்றரை மணித்தியாலம். அங்கே காலை எட்டரைக்குத் தொலைபேசி எடுத்தால் ஊரில் அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு இருப்பார்.

பசுபிக் பக்கமும் நடுமேட்டுநிலமும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழையற்ற காலம். அங்குள்ளவர்கள் அதையே கோடை என்கிறார்கள். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். கரீபியன் கரை இந்தக் கணக்குக்குள் அடங்காது. அங்கே டிசம்பரிலும் ஜனவரியிலும் நல்ல மழை பெய்யலாம். பெப்ரவரி, மார்ச் பரவாயில்லை. வடமேற்கிலுள்ள குவானகாஸ்ரே கடற்கரைகளில் ஜனவரி, பெப்ரவரியில் காற்றுப் பலமாக வீசும். நத்தார் தொடக்கம் புதுவருடம் வரையிலும், ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்திலும் விலை ஏறும், அறைகள் கிடைக்கா. ஜனவரி நடுப்பகுதிக்குப் பின்னர் போவது பணத்துக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

மனதுக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புதுவருட இரவில் அங்கே நகரமெங்கும் வெடி கொளுத்துவார்கள். திடீர் வெடிச்சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு பதறுகிற ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். அல்லது நகரை விட்டுத் தள்ளி, காட்டோரமாகத் தங்கலாம்.

ரிக்கெற் வாங்க முன்: எந்தக் கடவுச்சீட்டு?

கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நோர்வே, சுவிற்சர்லாந்து ஆகியவற்றின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. திரும்பிப் போவதற்கான பயணச்சீட்டைக் காட்டச் சொல்வார்கள். அது இல்லாமல் புறப்படும் விமான நிலையத்திலேயே ஏறவிட மாட்டார்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரின் நிலை வேறு. அவருக்கு விசா கட்டாயம், நடைமுறையும் இறுக்கமானது, காலம் எடுக்கும். வெளிநாட்டில் நிரந்தர வதிவிட உரிமை இருப்பதாலோ அகதிகளுக்கான பயண ஆவணம் இருப்பதாலோ, அந்த நாட்டுப் பிரஜைக்குள்ள சலுகை தனக்கும் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே குடும்பத்தில் பிள்ளைகளிடம் கனேடியக் கடவுச்சீட்டும், அண்மையில் வந்து சேர்ந்த அம்மம்மாவிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் இருப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். அப்படியானால் கொஸ்டாரிக்காவின் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகே ரிக்கெற் வாங்க வேண்டும். கனடாவில் இருப்பவர்களுக்கு அது ஒட்டாவாவில் உள்ளது.

இன்னுமொரு பொறி இருக்கிறது. மலிவான ரிக்கெற் பெரும்பாலும் அமெரிக்க நகரமொன்றில் விமானம் மாறுவதாக இருக்கும். அமெரிக்காவில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும் குடிவரவுச் சோதனை உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் கனேடிய நிரந்தர வதிவாளருக்கு அதற்கும் அமெரிக்க விசா வேண்டும். ரொறன்ரோவிலிருந்து நேரடியாகப் போனால் ஐந்தரை மணித்தியாலம் அளவில் இறங்கிவிடலாம். ஐரோப்பாவில் மட்ரிட், பாரிஸ், அம்ஸ்ரடாம், சூரிச் ஆகிய நகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் போகின்றன.

இறங்குவதற்கு இரண்டு விமான நிலையங்கள். சன் ஹொசேக்கு அருகே அலஹுவேலாவில் ஒன்று. வடமேற்கில் லிபேரியா நகரில் மற்றது. கடற்கரை மட்டும் போதும் என்பவர்களுக்கு லிபேரியா வசதி. நாட்டைப் பார்க்க விரும்புபவர்கள் சன் ஹொசேயில் இறங்க வேண்டும்.

பணம், வாகனம், உடல்நலம்

நாணயம் கொலோன். ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 500 கொலோன் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குச் சுலபம். டொலரும் வங்கி அட்டையும் பல இடங்களில் செல்லும். மெக்ஸிக்கோவோடு ஒப்பிட்டால் செலவு கூடிய நாடு இது. உணவகப் பட்டியலில் 13 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேரும். செலவைக் குறைக்க விரும்புவோர், உள்ளூர்க்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் 'சோடா' என்ற சிறு கடைகளுக்குப் போகலாம். அங்கே 'கசாடோ' என்று கேட்டால் சோறு, கறுப்பு அவரை, பொரித்த வாழைப்பழம், சலாட், இறைச்சி அல்லது மீன் ஒரே தட்டில் வரும். சைவம் என்றால் இறைச்சி வேண்டாம் என்று சொல்லலாம். காலையில் 'கய்யோ பின்ரோ', அதாவது சோறும் அவரையும் கலந்து வதக்கியது. காலையிலும் சோறு தின்னும் நாடு என்பதால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை வராது.

கார் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் காட்டும் விலையில் உள்ளூர்ச் சட்டம் கட்டாயமாக்கும் காப்புறுதி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. வரிசையில் நிற்கும்போதுதான் தொகை இரட்டிப்பாகும். பஸ் மலிவு. ஆனால் சன் ஹொசேயில் ஒவ்வொரு திசைக்கும் வேறு வேறு பஸ் நிலையம் என்பதால் முன்னரே விசாரித்துப் போக வேண்டும். பல விடுதிகள் ஒழுங்குசெய்யும் பகிர்வு வான் குடும்பத்துக்கு வசதியானது.

பெரும்பாலான இடங்களில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். டெங்கு உண்டு என்பதால் நுளம்புத் தைலம் அவசியம். கடல் அழகானது, ஆனால் பல கரைகளில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரைகளே அதிகம். நீந்தத் தெரியாதவர்கள் முழங்கால் அளவுக்கு மேல் இறங்காமல் இருப்பது நல்லது. அவசர அழைப்பு இலக்கம் 911.

சுத்தியலால் இடித்த மதில்

சன் ஹொசேயில் ஒருநாள் தங்குங்கள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாத நகரம் என்று பயண வழிகாட்டிகள் சொல்லும். ஆனால் நகரின் நடுவே ஒரு சிறு மேட்டில் மஞ்சள் நிறக் கோட்டை ஒன்று நிற்கிறது. இன்று அது தேசிய அருங்காட்சியகம். முன்னர் அது பெய்யாவிஸ்ரா என்ற இராணுவ முகாம். அதன் கோபுரச் சுவர்களில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த வடுக்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பூசி மறைக்கவில்லை.

1948 பெப்ரவரியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முடிவைப் பாராளுமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. அதைத் தொடர்ந்து வெடித்த உள்நாட்டுப் போர் 44 நாட்கள் நீடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். கிளர்ச்சிக்குத் தலைமைதாங்கி வென்றவர் ஹொசே பிகெரெஸ். போரில் வென்றவர்கள் வழக்கமாகத் தங்கள் படையைப் பெருக்குவார்கள். இவர் அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் திகதி அந்த முகாமின் மதிலில் சுத்தியலால் அடித்து, நாட்டின் இராணுவம் கலைக்கப்படுகிறது என்று அறிவித்தார். கட்டடம் அருங்காட்சியகத்துக்குக் கையளிக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12ஆம் உறுப்புரை நிரந்தர இராணுவத்தைத் தடைசெய்தது. பதினெட்டு மாதம் ஆட்சி செய்த பிகெரெஸ், தேர்தலில் உண்மையில் வென்றிருந்த ஒற்றிலியோ உலாற்றேயிடம் அதிகாரத்தை ஒப்படைத்தார்.

இதில் இலட்சியம் மட்டும் இருக்கவில்லை. தோற்றவர்கள் படையைப் பயன்படுத்தித் திரும்பி வந்துவிடக் கூடாது என்ற அரசியல் கணக்கும் இருந்தது. அயலிலிருந்து ஆயுதக் குழுக்கள் 1948 டிசம்பரிலும் 1955இலும் எல்லை தாண்டி வந்தன. அமெரிக்க நாடுகளின் அமைப்பு தலையிட்டு அவற்றை நிறுத்தியது. 2010இல் நிக்கரகுவாவோடு எல்லைத் தகராறு வந்தபோதும் கொஸ்டாரிக்கா போனது ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குத்தான். 2015 டிசம்பரில் அந்தத் துண்டு நிலம் கொஸ்டாரிக்காவுடையது என்று தீர்ப்பு வந்தது.

எங்களுக்கு இந்தக் கோட்டை வெறும் சுற்றுலாத்தலமாக இருக்க முடியாது. காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி இராணுவம் நடத்தும் விடுதி இருக்கிறது. அதே வலிகாமம் வடக்கில், காணி உறுதி கையில் வைத்துக்கொண்டு இன்னும் வீடு திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். இங்கே படைமுகாம் உல்லாச விடுதி ஆகியிருக்கிறது. அங்கே படைமுகாம் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கும் காட்சிச்சாலை ஆகியிருக்கிறது. போர் முடிந்த ஒரு நாடு தன் முகாம்களை என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு ஒரு பதிலை நேரில் பார்க்கலாம். டிசம்பர் முதலாம் திகதி அங்கே விடுமுறை நாள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் வழக்கு

அதே நகரின் கிழக்குப் பகுதியில் அமைதியான தெருவொன்றில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. மனித உரிமைகளுக்கான அமெரிக்க நாடுகளின் நீதிமன்றம் 1979 முதல் சன் ஹொசேயிலேயே இயங்குகிறது. அதன் வழக்கு விசாரணைகளைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம்.

1981 செப்டெம்பரில் ஹொண்டுராஸின் தலைநகரில் மன்பிரெடோ வெலாஸ்கெஸ் என்ற மாணவர் பிடித்துச் செல்லப்பட்டார். அதன்பின் அவரைக் காணவில்லை. அரசாங்கம் எதுவும் தெரியாது என்றது. 1988 ஜூலை 29ஆம் திகதி இந்த நீதிமன்றம் ஹொண்டுராஸ் அரசைப் பொறுப்பாளியாக்கித் தீர்ப்பளித்தது. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றி ஒரு சர்வதேச நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பு அது. காணாமற்போனவருக்கு என்ன நடந்தது என்று தெரியாதிருக்கும் வரை விசாரிக்கும் கடமை அரசுக்குத் தொடர்ந்து இருக்கிறது என்று அது சொன்னது. குற்றவாளியைத் தண்டிக்க முடியாத நிலை வந்தாலும், அவருக்கு நேர்ந்த கதியையும் உடல் இருக்கும் இடத்தையும் குடும்பத்துக்கு அறிவிக்க அரசு தன்னாலான எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் கேட்பதும் இதைத்தான். ஆசியாவில் இப்படியொரு பிராந்திய நீதிமன்றம் கிடையாது. அந்தக் கட்டடத்தின் முன் சில நிமிடம் நிற்பதற்கு நுழைவுச்சீட்டு வேண்டாம்.

எரிமலையும் முகில்காடும்

அடுத்த நாள் வடமேற்கே மூன்று மணித்தியாலப் பயணம் லா போர்ட்டூனாவுக்கு. அங்கே அரெனால் எரிமலை கூம்பு வடிவில் நிமிர்ந்து நிற்கிறது. 1968 ஜூலையில் வெடித்து ஊர்களை அழித்தது. 2010 முதல் அமைதியாக இருக்கிறது. அதன் சூட்டில் கொதித்து வரும் வெந்நீர் ஊற்றுகளில் குளிக்கலாம். கன்னியா வெந்நீர் ஊற்றைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. இங்கே ஓர் ஆறே சுடுநீராக ஓடுகிறது.

அரெனால் வாவியைப் படகில் கடந்தால் மொன்ரெவேர்டே மலைக்குப் போகலாம். அங்கே 1,400 மீற்றர் உயரத்தில் முகில் மரங்களுக்குள் புகுந்து நகரும். குளிரும், எனவே ஒரு சுவெற்றர் வேண்டும். இந்த ஊரை அமைத்தவர்கள் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து 1951இல் வந்த குவேக்கர் சமயத்தினர். கட்டாய இராணுவப் பதிவுக்கு மறுத்து அவர்களின் இளைஞர்கள் சிறை சென்றிருந்தார்கள். படையில்லாத நாடு என்பதாலேயே இங்கே வந்து மாடு வளர்த்துப் பாற்கட்டி செய்தார்கள். தங்கள் நீரூற்றைக் காக்க மலையுச்சிக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். இன்று உலகம் வந்து பார்க்கும் காடு அதுவே. பிள்ளையைப் படைக்குக் கொடுக்க மாட்டோம் என்று ஊரை விட்டவர்களின் கதை எங்கள் வாசகர் பலருக்கு விளக்கம் தேவைப்படாத கதை.

கடலுக்கு இறங்க விரும்பினால் பசுபிக் கரையில் மனுவல் அன்ரோனியோ தேசியப் பூங்கா. குரங்குகளும் தேவாங்குபோல் மெல்ல நகரும் ஸ்லோத்தும் கடற்கரையை ஒட்டிய மரங்களில் தெரியும். நுழைவுச்சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும், செவ்வாய்க்கிழமை பூட்டு. வாசலில் ரிக்கெற் விற்பதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

தேங்காய்ப்பால் மணக்கும் கரை

கரீபியன் பக்கத்திலுள்ள லிமோன் மாகாணத்துக்குப் பலர் போவதில்லை. போக வேண்டும். சன் ஹொசேக்கும் லிமோனுக்கும் இடையிலான ரயில் பாதைக்கும், பின்னர் வாழைத் தோட்டங்களுக்கும் வேலையாட்களாக ஜமெய்க்காவிலிருந்து கறுப்பின மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். ரயில் பாதை 1890இல் முடிந்தது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த மண்ணிலேயே பிறந்தும் நெடுங்காலம் அந்நியராகவே நடத்தப்பட்டார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு முழுமையான குடியுரிமைக்கான வழி திறந்தது 1949ஐ ஒட்டித்தான். அதே காலத்தில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் மூலம் இலங்கை தன் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. ஒரே மாதிரியான தோட்டங்கள், ஒரே மாதிரியான தொழிலாளர்கள், ஏறத்தாழ ஒரே வருடம். இரண்டு நாடுகள் இரண்டு வழியில் போயின.

கவீற்றா, புவேர்ட்டோ வியெஹோ ஆகிய ஊர்களில் சோற்றையும் அவரையையும் தேங்காய்ப்பாலில் அவிக்கிறார்கள். மீனும் கிழங்கும் தேங்காய்ப்பாலும் சேர்த்த 'ரொண்டொன்' என்ற குழம்பு உண்டு. எங்கள் வீட்டுச் சொதியையும் கூழையும் நினைவுபடுத்தும். கவீற்றா தேசியப் பூங்காவை ஊர் மக்களும் அரசும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஊர்ப்பக்க வாசலில் விரும்பிய தொகையைக் கொடுத்து உள்ளே போகலாம்.

சொர்க்கம் அல்ல

படையில்லாத நாட்டில் வன்முறையே இல்லை என்று நினைத்துப் போகக் கூடாது. போதைப்பொருள் கடத்தல் பெருகியதால் 2023இல் கொலைகள் 900ஐக் கடந்தன. நாட்டின் வரலாற்றில் அது அதுவரை காணாத எண்ணிக்கை. பெரும்பாலும் கும்பல்களுக்கிடையிலான மோதல் என்றாலும், இரவில் லிமோன் நகரிலும் சன் ஹொசேயின் சில பகுதிகளிலும் தனியே நடக்க வேண்டாம். காரில் பைகளை விட்டுப் போக வேண்டாம். பிறிபிறி பழங்குடித் தலைவர் சேர்ஹியோ றோஹாஸ் தம் மக்களின் நிலத்துக்காகப் போராடி 2019 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். நிலத்தின் கேள்வி அங்கேயும் தீரவில்லை.

வீதிகளில் பொலிஸ் மறித்துக் கடவுச்சீட்டைக் கேட்கலாம். சோதனைச்சாவடியைக் கண்டதும் கை நடுங்குகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். முன்னரே சொல்லி வைத்தால் பதற்றம் குறையும். கடவுச்சீட்டின் பிரதியும், நாட்டுக்குள் வந்த திகதியைக் காட்டும் பக்கத்தின் பிரதியும் சட்டைப்பையில் இருந்தால் சாதாரணமாக இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எட்டு நாளில் எப்படி?

முதல் நாள் சன் ஹொசே. அடுத்த இரண்டு நாள் அரெனால். நான்காம், ஐந்தாம் நாள் மொன்ரெவேர்டே. பிறகு இரண்டு நாள் கடல். எட்டாம் நாள் திரும்புதல். முதியவர்களோடு போனால் மொன்ரெவேர்டேயை விட்டுவிட்டுக் கடலில் கூடுதல் நாள் இருக்கலாம். வீதிகள் வளைந்து வளைந்து போவதால் வரைபடத்தில் தெரியும் தூரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு இடம் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

போகிறவர்கள் பிள்ளைகளையும் அந்த மஞ்சள் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். குண்டுத் துளைகளைக் காட்டினால் அவர்கள் கேள்வி கேட்பார்கள். வீட்டு மேசையில் சொல்ல வராத சில கதைகள், வெயிலில் அந்த மதிலருகே நிற்கும்போது சொல்ல வரலாம்.